காலிக்கட்டம்

கட்டிலருகே நின்றபடி அவர் யாரிடமும் பேசுவதில்லை. முக்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து போட்டு, உட்கார்ந்து, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்குத் தன் முகம் வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். "நான்தான். மாத்திரை கொண்டாந்திருக்கேன். அவசரமில்ல." பதில் வராது. அவரும் எழுந்து போகமாட்டார். யாருடனோ ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர் போல இருப்பார். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வரும்.

வார்டுக் கதவின் சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றித்தான் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். சாவி குலுங்கினால் பாதிப் பேர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்களாம். நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றியவள் நான். ரயில் நிலைய பெஞ்சுகளில் என்னை எத்தனையோ காவலர்கள் எழுப்பியிருக்கிறார்கள். தூங்குகிறவரை நெருங்கும்போது காலடிச் சத்தத்தைக்கூட யோசிக்கிற ஒருவரை இந்த மனநல மருத்துவமனையில்தான் பார்த்தேன்.

ஐம்பதை நெருங்கும் வயது. பெண்கள் வார்டில் நர்ஸாக இருபத்திரண்டு வருடம். முப்பத்துநான்கு கட்டில்களுக்கு இரண்டு நர்ஸ்கள். வேலை முடியும்வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லை. "குடிச்சா போகணும். போனா இங்க யாரு நிப்பா?" என்கிறார். கணவர் பஸ் ஓட்டுகிறார். வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லையே என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் வார்டு முழுக்கப் பிரசித்தம்: "அவருக்கு நாள் பூரா ஹாரன், எனக்கு நாள் பூரா பேச்சு. வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் ஒண்ணா சுவரைப் பாப்போம். ஒத்துமையான குடும்பம்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே சிரித்துவிடுவார்.

ஒருமுறை ஒரு நோயாளி உதைத்ததில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்துவிட்டது. பதிவேட்டில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இடது காலில் உதைத்தார். நான் சொல்லாமல் பின்னால் போய் நின்றதே காரணம்.'

உள்ளதை உள்ளபடி எழுதும் இந்தப் பழக்கத்துக்காகச் சக நர்ஸ்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: காலிக்கட்டம். உயிருக்கு ஆபத்து என்று கருதப்படும் நோயாளிகளின் கட்டிலில் கட்டம் போட்ட ஒரு தாள் தொங்கும். அரைமணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து ஆளைப் பார்த்துவிட்டு, அந்த நேரத்துக்குரிய கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்க முடியாமல் போன நேரத்துக் கட்டத்தை அவர் அப்படியே விட்டுவிடுவார். அதற்காக மெமோக்களும் வாங்கியிருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் கட்டிலில் இருப்பவள் என் தங்கை. சாவைத் தேடிப் போய், பக்கத்து வீட்டுக்காரரால் திரும்பக் கிடைத்தவள். செய்தி கேட்டு ஊர் திரும்பினேன். ஒன்பது நாளாக அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாம் நாள் அவள் தாளில் பத்து மணிக்கும் பத்தரைக்கும் உரிய கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு மணி நேரம் என் தங்கையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை விசாரணை. குற்றம் உறுதியானால் அவரை வார்டிலிருந்து எடுத்துத் துணி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள் என்று ஆயா சொன்னார். கேட்க எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அழைப்புக்காகக் காத்திருந்த நேரத்தில், நிலைகொள்ளாமல் வார்டுக்குள் நடந்தேன். ஏழாம் கட்டிலின் தாள் கண்ணில் பட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். தாளில் மதியம் ஒரு மணி வரைக்கும் கையெழுத்துப் போட்டிருந்தது.

அன்று பணியில் இருந்த இளைய நர்ஸ் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். மறைக்கவில்லை. எல்லோரும் காலையிலேயே போட்டுவைத்துவிடுவதுதான் வழக்கம் என்றாள். "இருக்கறது நாலு கண்ணு. அறுபத்தெட்டு கண்ணைப் பாக்கணும். அக்கா மாதிரி காலியா விட்டுட்டு வாங்கிக் கட்டிக்க எனக்குத் தைரியம் இல்லங்க." முந்தின நாள் நடந்ததையும் அவள்தான் சொன்னாள். அவள் ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தாள். குளியலறையில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் வந்து சேரும்வரை, தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலை சிமெண்டில் மோதாமல் கையில் ஏந்திக்கொண்டிருந்தவர் 'காலிக்கட்டம்'.

வராந்தாவில் அவரிடம் போய் நின்றேன். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"உக்காரும்மா, பஸ் ஒண்ணும் போயிடாது" என்றார். உட்கார்ந்தேன். "வாபஸ் வாங்காதீங்க. பாக்காததப் பாத்தேன்னு நான் எழுதிட்டா, அந்த ஒரு மணி நேரம் உங்க தங்கச்சி தனியா கிடந்தது யாருக்குமே தெரியாது. காலியா இருந்துச்சு, நீங்க கேட்டீங்க. இத்தன வருஷத்துல வீட்டு ஆளுங்க கேட்டது இதான் முதல் தடவ. ரெண்டு பேர்தான் இருந்தோம்னு ஒரு வரி சேத்து எழுதிக் குடுங்க, போதும்."

ஒரு வரி போதவில்லை. இன்னொரு பக்கம் எழுதினேன். ஏழாம் கட்டில் பற்றி மட்டும் எழுதவில்லை.

கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. ஃபைலை மூட விரும்பியவர். அந்த இரண்டு கட்டங்களிலும் இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டால் ஸ்டோருக்கு மாற்றும் பேச்சே இல்லை என்று தாளை நர்ஸ் பக்கம் நகர்த்தினார். அவர் பேனாவை வாங்கி, இரண்டு கட்டங்களையும் சேர்த்து, குட்டி எழுத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும். கண்காணிப்பாளர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் நான்காம் பக்கத்தைப் படித்தார். அதற்கும் பிறகு, இதையெல்லாம் மேலே அனுப்பினால் தன் தலைதான் முதலில் உருளும் என்றார். ஆனாலும் அனுப்பினார்.

காலிக் கட்டங்களுக்கான மெமோ நிலைத்தது. அவரும் வார்டில் நிலைத்தார். மூன்று வாரம் கழித்து, காலை நேரத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு நர்ஸ் வந்தார். ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக.

முதல் நாள் புதியவர் மாத்திரைத் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டதும், இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் கைக்கு வந்த முதல் ஓய்வான அரைமணி. நேராக மூன்றாம் கட்டிலுக்கு வந்தார். படுத்தே கிடந்ததில் என் தங்கையின் பின்தலைமுடி ஒட்டுமொத்தமாகச் சடைபிடித்திருந்தது. ஒட்ட வெட்டிவிடுவதுதான் இங்கே நடைமுறை. அவர் எண்ணெயும் பல் அகன்ற சீப்பும் எடுத்துவந்து, "முடிஞ்ச வரைக்கும் பாப்போம். இன்னிக்கு முடியலன்னா நாளைக்கு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். புதியவர் பாதி வார்டை முடித்துவிட்டார். இவர் இரண்டு விரற்கடை முடியைப் பிரித்திருந்தார்.

"வலிக்குது" என்றாள் என் தங்கை.

நான் எழுந்தேவிட்டேன். ஒரு மாதத்தில் அவள் பேசிய முதல் சொல். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீப்பை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அந்த முடியிலிருந்து முழுதாக எடுத்து, அடுத்து அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்.