பருப்பில் தப்பிய கப்பல்

என் வாப்பா பர் துபாயில் ஒரு படச்சட்டக் கடையில் வேலை பார்த்தார். முதலாளி ஓர் அரபி. வீட்டில் அவரை அர்பாப் என்போம். அவர் முகம் கோணினால் விசா கேன்சல், எல்லோரும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். உம்மா கல்யாணமாகி வந்தவர், பிறகு ஊருக்குப் போகவே இல்லை. ஃபோன் கார்டு தீரும்வரை ஊரிலிருந்த தன் உம்மாவிடம் பேசுவார். நான் ஊரைக் கண்டதே இல்லை. குற்றம் செய்தவர்களை அனுப்பும் இடம் என்றே எண்ணியிருந்தேன்.

ஒருமுறை கடை ஏசி கெட்டுப்போனது. ஈரக்காற்றில் தாள் நெளிந்துவிடும் என்று, ஒரு ஜப்பான்காரம்மா கொடுத்து, சட்டம் போட்டு முடித்திருந்த படத்தை வாப்பா வீட்டுக்கே தூக்கி வந்தார். மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பலகை வைத்து அச்சடித்த படம். நீலக்கடலில் ஒரு கப்பல், கப்பல் கொள்ளாமல் பிள்ளைகள். சாகாமலிருக்க மருந்து தேடி ஒரு சீன ராஜா அவர்களை அனுப்பினானாம். ஜப்பான்காரம்மா சொன்ன கதை.

"தொட்டுராதம்மா. இதுக்கு ஒண்ணுன்னா அர்பாப் என்னைய ஃப்ளைட் ஏத்திருவாரு" என்று சொல்லி, வாப்பா அதை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்துவைத்தார்.

எங்கள் வீடு ஒரே அறை; ஃபிரிட்ஜுக்கு எதிரிலேயே அடுப்பு. வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்மாவுக்குப் போனதும் உம்மா தொழுகை விரிப்பை விரித்தார். நிமிர்ந்தால் எதிரே கப்பல் நிறைய முகங்கள். உருவப்படத்தைப் பார்த்துத் தொழக்கூடாதே! "எங்கதான் வைக்கிறதுன்னு ஒரு வெவஸ்தை வேணாம்?" என்று முணுமுணுத்தபடி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

தொழுது முடித்து விரிப்பை மடிக்கும்போது குக்கரின் வால்வு பிய்த்துக்கொண்டது. எங்கள்மேல் படாதது அல்லாஹ்வின் காவல். கூரை, ஃபிரிட்ஜ், படம் எல்லாம் மஞ்சள் பருப்பு.

அந்த நேரம் பார்த்து வாப்பா வந்தார். சட்டத்திலிருந்து பருப்பு வழிவதைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "கலாஸ். எல்லாம் போச்சு." நான் எந்தப் பொம்மையை ஊருக்கு எடுத்துப்போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

உம்மா போய்ப் படத்தைத் திருப்பினார். கடல் அப்படியே நீலமாக இருந்தது. கப்பல்மேல் ஒரு பருப்புகூட இல்லை. நனைந்தது பின்னட்டை மட்டும்தான். வாப்பா மூலைமூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்! அட்டைய மாத்திட்டா தீந்துச்சு" என்று சிரித்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஊருக்குப் போக வேண்டாம்!

அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன். "அந்தப் பிள்ளைங்க திரும்பி வந்தாங்களா வாப்பா?"

"எங்க வந்தாங்க! போன எடத்துலயே நல்லா இருந்துட்டாங்களாம்."

உம்மா ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டே, "அதை அவங்க உம்மாமாருக்கு யாரு போய்ச் சொன்னாங்களாம்?" என்றார்.

வாப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கதையில் அந்தப் பகுதி அவருக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்து, ஜப்பான்காரம்மா படத்தை வாங்க வரும்போது மறக்காமல் கேட்டுவரச் சொன்னேன்.