சல்லடைக்காரர் இருமாத நாள்

எங்கள் நிலவியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிட்டோம். அவர் வேலை இதுதான்: கண்ணாடித் தொட்டிக்குள் கலர் கலராக மணலைச் சலித்து, அடுக்கடுக்காகத் தூவ வேண்டும். கேட்டால் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஓரிடத்தில் கொத்தாக விழுந்தால் போச்சு, எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொட்டியின் ஒரு பக்கம் நிற்கிற மணல்மேடுதான் கண்டம். எதிர்ப்பக்கம் கடல். அடியில் கிடக்கும் விரிப்பை மோட்டார் மெல்ல இழுக்கும். மோட்டார் என் பொறுப்பு. விரிப்பின் மேல் கெட்டியாக ஒரு திட்டு சவாரி வந்து கண்டத்தில் மோதும். ஏதோ ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் கோடிக்கணக்கான வருஷம் பிடிக்கிற சங்கதி, எங்களுக்கு ஒரு காலைப்பொழுது.

மணலின் மேல் கறுப்புப் பொடியால் வட்டம் வட்டமாக அச்சுப் போட்டிருக்கும். நசுங்க நசுங்க வட்டம் முட்டை வடிவமாகும். எவ்வளவு சப்பையோ, பாறை அங்கே அவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று கணக்கு. திட்டுக்கும் கண்டத்துக்கும் நடுவில் மாட்டிய மணல்தான் முதலில் சப்பளியும். திட்டு கண்டத்தோடு ஒட்டிக்கொண்டதும் அங்கே நசுங்குவது ஓய்ந்துவிடும். பிறகு அழுத்தம் திட்டைத் தாண்டிப் பின்பக்கம் போய்ப் புதிதாக உடைக்கும். அந்த உடைப்பின் படம்தான் எங்கள் தலைவி மேடத்துக்கு வேண்டும்.

சல்லடை முகத்தை மணலை ஒட்ட வைத்துத்தான் மட்டம் பார்ப்பார். மாஸ்க் போட்டால் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும், கை பிசகும்.

"அந்தக் கருமத்தக் கழட்டுப்பா. உன் மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றார் மேடம்.

கழற்றியவர்தான். சில வருஷத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் இன்னும் தற்காலிகம். நிரந்தரம் ஆனவர்களுக்குத்தான் இலவச வைத்தியம். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"இந்தச் சோதனை ஓட்டம் சரியா வந்தா உன்ன நிரந்தரம் பண்ணிடறேன்" என்று மேடம் வாக்குக் கொடுத்தார்.

மோட்டார் ஓடும்போதும் பள்ளங்களில் வண்டல் தூவ அவர் தொட்டியருகே நிற்க வேண்டும். மேசை அதிர்ந்தால் சரிவு சரிந்து படம் நாசம்.

"அண்ணே, இருமிடாதீங்க. கண்டமே கடல்ல போயிடும்" என்று படம் எடுப்பவன் சிரித்தான்.

சல்லடை துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். திட்டு மோதியது. முன்னால் இருந்த வட்டங்கள் சப்பளிந்து கோடாயின. அவர் தோள் குலுங்கியது, கை மட்டும் அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்து முகம் கறுத்தது.

"நிறுத்தவா மேடம்? அவரு மூஞ்சியப் பாருங்க" என்றேன்.

"நீ தொட்டியப் பாரு."

திட்டுக்குப் பின்னால் உடைப்பு விழுந்தது. மேடம் கைதட்டினார். சல்லடை வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

நிரந்தரம் ஆக்கும் முன் உடல்பரிசோதனை. நுரையீரல் தூசியில் இறுகிப்போய்விட்டது, வேலைக்கு லாயக்கில்லை என்றார் டாக்டர்.

"மாஸ்க் குடுத்தோமேப்பா, நீதான் போடல" என்றார் மேடம். போகத் திரும்பியவரை மறுபடி கூப்பிட்டார். "உன் சம்சாரத்துக்குக் கை நிதானமா? அனுப்பி வை."

மருந்துச் செலவுக்கு வேறு வழி இல்லை. கட்டிலில் சாய்ந்தபடி மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மாள் தாம்பாளத்தில் மாவு சலித்துப் பழகினாள்.

"மணிக்கட்ட ஆட்டாத. தோள்லேர்ந்து வரணும். மூச்ச அடக்கு."

"மூச்சாவது விடலாமா, அதுக்கும் உங்க மேடத்தக் கேக்கணுமா?"

நன்றாகவே பிடித்துக்கொண்டு அவர் இடத்தில் வேலைக்கு வந்தாள். அவள் மாஸ்கில் ஒட்டிய மணல் உதிர்ந்து வட்டத்தில் விழுந்ததாம். முதல் நாளே கழற்றச் சொல்லிவிட்டார் மேடம்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் மாத்திரை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வறட்டு இருமல் ஒன்று வந்தது.

"தூசிங்க, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

சல்லடை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு கூடி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அங்க இருமிடாத" என்றார்.