களைப்பு இல்லை என்று குறித்தேன்

அந்தப் படிவத்தின் முதல் கேள்வி எனக்கு இன்றும் மனப்பாடம். "கடந்த நான்கு வாரங்களில் உங்களுக்குக் களைப்பு ஏற்பட்டதா?" கீழே ஐந்து கட்டங்கள்: 'ஒருபோதும் இல்லை' என்று தொடங்கி 'எப்போதும்' வரை. பெருநகரம் ஒன்றிலிருந்த நரம்பியல் குழு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கான ஆங்கிலக் கேள்வித்தாளைப் பல மொழிகளுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில் நான் காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். தமிழ்ப் படிவம் நோயாளிகளுக்குப் புரிகிறதா என்று பார்ப்பதற்காக, அதை வாசித்துக் காட்டிப் பதிலைக் குறித்து அனுப்புவது என் வேலை. ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது, விளக்கவும் கூடாது என்பது விதி.

எங்களிடம் அந்த நோயோடு வந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர், கடற்கரைக் கிராமமான மண்டபத்தூரைச் சேர்ந்த ஒரு அக்கா. அன்னக்கூடை நிறைய மீனைத் தலையில் சுமந்து விழிதியூர்த் தெருக்களில் விற்றவர். நோய் மூளையையும் தண்டுவடத்தையும் தொட்ட பிறகு வீட்டோடு இருந்தார். படகுக்குப் போகும் அவர் கணவர், ஸ்கேனில் தெரிந்ததை நம்பினார். காலை பத்து மணிக்கு மனைவி சுவரோரம் சாய்ந்து கிடப்பதை மட்டும் நோய் என்று நம்பவில்லை. சோம்பல் என்றார்.

நான் கேள்வியை வாசித்ததும் அக்கா சிரித்துவிட்டார். "களைப்பா? நான் என்னத்த வேலை பாக்குறேன், களைச்சுப் போறதுக்கு? அதெல்லாம் இல்ல தங்கச்சி."

எனக்கு உறுத்தியது. ஆனாலும் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தேன். அடுத்த வாரம் டாக்டர் அந்தத் தாளின் நகலைப் பார்த்துவிட்டு, களைப்பு இல்லாதது நல்லதுதான் என்றார். பக்கத்திலிருந்த கணவர் உடனே மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? உன் வாயாலயே சொல்லியிருக்க." அக்கா என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

அன்று அவரைத் தனியாக அழைத்து, காலையில் சாய்ந்து கிடக்கும்போது என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"களைப்புன்னா கூடைய எறக்கி வச்சு ஒரு சொம்பு தண்ணி குடிச்சாப் போயிடும். இது தூங்கி எந்திரிக்கிறப்பவே இருக்கு. வெயில் ஏற ஏற, ஐஸ் கரைஞ்ச மீனு மாதிரி ஒடம்பு தொவண்டு போவுது. இத ஓஞ்சு போறதுன்னுதான் நாங்க சொல்லுவோம்."

படிவம் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் அது கேட்டது வேறெதையோ. களைப்பு என்பதற்குப் பதிலாக அக்கா சொன்ன சொல்லைப் போடலாம் என்று குழுவுக்கு எழுதினேன். 'உடம்பு ஓய்ந்து போவது' என்பதை மறுபடி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பார்த்ததாகவும், மூலச்சொல்லோடு பொருந்தவில்லை என்றும் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தபோது ஒருவர் பொறுமையாகவே சொன்னார்: "எல்லா ஊர்லயும் ஒரே சொல்தாம்மா இருக்கணும். ஒரு ஆளுக்காக மாத்த முடியுமா?" ரிசீவரை வைத்துவிட்டேன். நோயாளிக்குப் புரிகிறதா என்று பார்க்கத்தானே படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள்? புரியவில்லை என்று சொன்னால் குற்றம் நோயாளி மீதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்தூர் போனேன். அந்தத் தாளை ஆய்வில் சேர்க்க மாட்டார்கள் என்று தெரியும். கணவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, 'களைப்பு' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் 'ஓஞ்சு போறது' என்று மாற்றி வாசித்தேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். எப்போதும். அடிக்கடி. எப்போதும். குளிக்கப் போய்ப் பாதியில் உட்கார்ந்துவிடுவதை, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோவதை, அதையெல்லாம் வீட்டில் சொல்லப் பயந்ததைச் சொன்னார்.

முடிந்ததும் கணவர் தாளை வாங்கி நான் போட்ட குறிகளை வெகுநேரம் பார்த்தார்.

"இப்புடி அன்னைக்கே கேட்டிருக்கலாமேங்க," என்றார்.

விதி அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். என் காதுக்கே கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. "கேட்டிருக்கணுங்க," என்று மட்டும் சொன்னேன்.