கையில் கொடுக்காத உப்பு

பூடானில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு அந்த நாட்டு அரசுத் தாளில் 'கிராமப்புறப் பள்ளி' என்று பெயர். முதல் முறை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மரக்காணத்தில் நான் படித்த பள்ளி பேரூராட்சிக்குள் இருந்ததால் கணக்குப்படி டவுன் பள்ளி. மழைக்காலத்தில் அந்த டவுன் பள்ளிக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவோம். இங்கேயோ பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மதியம் சூடாகச் சோறு போடுகிறார்கள், பிள்ளைகள் என்னைவிடச் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். தார்ச்சாலையிலிருந்து பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம் மலையேறி நடக்க வேண்டும், அதனால்தான் அந்தப் பெயர் என்று பிறகு சொன்னார்கள். ஏறி முடித்த அன்றே என் சிரிப்பு நின்றுவிட்டது.

என் முதல் வருடம் ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. மலைக்கு இன்னும் மேலே, மாடு மேய்க்கும் வீட்டிலிருந்து வருகிறவள். எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். பேசச் சொன்னால் மேசையைப் பார்ப்பாள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. கொஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன். பிஸ்கட்டைத் தின்றாள், அவ்வளவுதான்.

வருடக் கடைசியில் 'என் ஊர்' என்று ஒரு பாடம் வந்தது. எங்கள் ஊரில் வயல் மாதிரி பாத்தி கட்டி, உப்புத் தண்ணீரை விட்டு, வெயிலில் காயவிட்டு உப்பு எடுப்போம் என்றேன். வகுப்பே சிரித்தது. தண்ணீரைக் காயவைத்தால் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர்களுடைய வாதம். என் ஊரையே நான் இட்டுக்கட்டிச் சொல்வதாக நினைத்துவிட்டார்கள். அப்போது அந்தப் பெண் எழுந்தாள். ஆங்கிலத்தில், மெதுவாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். "மேடம், லீவில் ஊருக்குப் போகிறீர்கள். அந்த உப்பைக் கொண்டுவாருங்கள். நான் பார்க்க வேண்டும்."

கண்டிப்பாகக் கொண்டுவருகிறேன் என்றேன்.

பூடானில் குளிருக்குத்தான் பெரிய லீவு. பொங்கல் சமயத்தில் நான் ஊரில் இருந்தேன். உப்பளத்தில் பாத்தித் தரையை மிதித்து இறுக்கும் வேலை ஆரம்பித்திருந்தது. அம்மா காலை இருட்டோடு பாதத்து வெடிப்பில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எண்ணெய் போடாவிட்டால் வெடிப்புக்குள் உப்பு இறங்கி உயிர் போய்விடும். நான் விஷயத்தைச் சொன்னதும், மேஸ்திரியிடம் கேட்டு, போன வருடக் குவியலில் நல்ல வெள்ளைக் கல்லுப்பாகப் பார்த்து ஒரு பை வாங்கிவந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, மெழுகுவர்த்தியில் காட்டி வாயை ஒட்டினோம். எனக்கு விரல் சுட்டதுதான் மிச்சம். அம்மா ஒட்டியதில் ஒன்றுகூட ஒழுகவில்லை.

"பசங்க இத வெச்சிக்கினு என்னாடி பண்ணும்?" என்று கேட்டாள்.

"பாக்கும்மா. கடல்லேந்து வந்ததுன்னு பாக்கும்."

"உப்ப போயி பாப்பாங்களா?" என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் இன்னும் கொஞ்சம் வாங்கிவந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. உப்பை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிடி உப்பு கேட்டு வந்தாலும் அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்து, "எடுத்துக்கக்கா" என்பாள். பகலெல்லாம் உப்பை வாரித் தலையில் சுமக்கிறவளுக்கு வீட்டில் இப்படி ஒரு சட்டம். கேட்டால், "அது மொதலாளி உப்பு, இது நம்ம உப்பு" என்பாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

சென்னைக்கு பஸ், அங்கிருந்து இரண்டு ராத்திரி ரயில், எல்லையில் இன்னொரு பஸ், பிறகு அந்த ஏற்றம். உப்புப் பை தோளை அறுத்தது. இப்போது ஏழாம் வகுப்புக்குப் போயிருந்த அதே பிள்ளைகளை வரிசையில் வரச் சொன்னேன். அங்கே பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் பிள்ளைகள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டித்தான் வாங்குவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் அப்படி நீட்டியது. நான் ஒவ்வொரு கவரையும் மேசைமேல் வைத்து, "எடுத்துக்கொள்" என்றேன். யோசித்துச் செய்யவில்லை. என் கை தானாக அப்படிப் போயிற்று.

அந்தப் பெண் கடைசியாக, ஓடி வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். நான் மேசைமேல் வைத்தேன். அவள் கையை மடக்கவில்லை. புரியவில்லை போல என்று நினைத்து, விரலால் மேசையைத் தட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அந்தக் கவர் பிரிக்காமல் ஜன்னல் ஓரத்தில் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. அவள் மட்டுமில்லை, வகுப்பே என்னிடம் ஒரு மாதிரி மரியாதையாக ஒதுங்கியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் தோள் வலிக்கத் தூக்கிவந்ததற்கு ஒரு வார்த்தை இல்லையே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிச் சமையல்காரப் பெண்மணிதான் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் இந்தி வரும், எனக்கும் கொஞ்சம்தான் வரும். "மேடம், கோவிச்சுக்காதீங்க. எங்க கை அசிங்கமா இருக்கான்னு பிள்ளைங்க கேக்குதுங்க." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மேலும் சொன்னார். "மேலேயிருந்து வருமே அந்தப் பொண்ணு, காலையில சாணி அள்ளிட்டு வருது. அன்னைக்கு நீங்க ஏதோ குடுக்கறீங்கன்னதும் இங்க ஓடி வந்து, சோப்பு வாங்கி, அந்தக் குளிர்ல ரெண்டு தரம் கைகழுவிட்டுப் போச்சு."

அதனால்தான் அவள் கடைசியாக வந்திருக்கிறாள்.

நான் எங்கே உட்கார்ந்தேன் என்று ஞாபகமில்லை. அடுப்புப் பக்கத்தில் ஏதோ மூட்டைமேல். எங்கள் தெருவுக்கு வெளியே ஒரு கடை இருந்தது. மற்ற தெருப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் மிட்டாயைக் கையில் கொடுப்பார். எங்கள் தெருப் பிள்ளைகள் போனால் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துத் தள்ளிவிடுவார். எட்டு வயதில் ஒருநாள் நான் வீம்புக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் விரலால் பெட்டியைத் தட்டிக் காட்டினார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும்கூட. இத்தனை மலை தாண்டி வந்து, அதே தட்டலை நான் ஒரு குழந்தைக்குத் தட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் கதையையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி," என்றாள் அம்மா. "அந்த ஆளு என்னிக்கும் அப்பிடித்தான் குடுத்தான். உனக்கு வெவரம் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளே பேசினாள். "அந்தப் பொண்ணு கையில வெச்சி குடு."

"நீதானம்மா சண்ட வரும்னு சொல்லுவ?"

"இப்ப மட்டும் என்னா, ரெண்டு பேரும் கொஞ்சிக்கினா இருக்கீங்க? வந்தா வரட்டும். மொதல்ல கையப் பாரு. வெடிப்பு இருந்தா எண்ண போட்டுட்டு குடு. இல்லன்னா எரியும்."

என் தேங்காயெண்ணெய் அந்தக் குளிரில் மெழுகாக உறைந்துகிடந்தது. காலையில் சமையலறை அடுப்பருகே வைத்து உருக்கி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். முதலில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை, உங்களோடு சண்டை வரக்கூடாது என்றுதான் என் கை மேசைக்குப் போயிற்று, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்தாள். கையை நீட்டவில்லை. நான்தான் என் இரண்டு கையையும் நீட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் தன் கையை வைத்தாள். அம்மாவின் பாதம் மாதிரியே வெடித்திருந்தது. ஒவ்வொரு வெடிப்பாக எண்ணெய் தடவினேன். ஜன்னலில் கிடந்த கவரைப் பிரித்து, கல்லுப்பை அவள் உள்ளங்கையில் கொட்டி, மேலே என் கையை வைத்து மூடினேன்.

"எரிகிறதா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் பேசவில்லை.

பத்து நாள் கழித்து ஆசிரியர் அறைக்கு அவள் வந்தாள். கையில் நான் திருத்திய பரீட்சைத் தாள். அவளுடைய விடையை நான் தப்பென்று அடித்திருந்தேன். பாடப் புத்தகத்தை என் முன்னால் விரித்து, வரியைக் காட்டி, ஆங்கிலத்தில், மூச்சுவிடாமல் என்னை ஒரு பிடி பிடித்தாள். நான் சமாளித்துப் பார்த்தேன். விடவில்லை. குரலை உயர்த்தினாள், நானும் உயர்த்தினேன். மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் போயிற்று.

அன்று சாயங்காலம் பாறைக்கு ஓடினேன்.

"அம்மா, சண்ட வந்திடுச்சு."

"நான் சொல்லல?" என்றாள் அம்மா. குரலில் அத்தனை சந்தோஷம். "யாருடி ஜெயிச்சது?"

"அவதாம்மா."