வேலுத்தாய் வாங்குன கைநாட்டு

எங்க வேலுத்தாய் மதினிக்கு வலது கையில மூணு விரல் ஒட்டிப்போயிக் கிடக்கும். பட்டாசு கம்பெனி வெடிச்சதுல அவ புருசன் போயிட்டாரு, இவளுக்குக் கை போச்சு. இனி வெடிமருந்து வாடையே ஆகாதுன்னு, நூறு நாள் வேலையில கண்மாய் மண்ணு சுமந்தும் ஆடு வளத்தும்தான் மக பாண்டிச்செல்வியைப் படிக்க வச்சா. நானும் அவளோடதான் மண்ணு சுமந்தேன்.

எங்க ஊரைப் பக்கத்து டவுனோட சேக்கப்போறாகன்னு பேச்சு வந்துச்சு. ஊர்ப் பெரிய மனுசன் ரத்தினசாமி அண்ணாச்சி இவளைக் கூப்பிட்டு, "சேந்துட்டா உனக்குத்தான் மொத துப்புரவு வேலை, நிரந்தரமா. நீ சொன்னா பொம்பளைக கேப்பாக"ன்னிருக்காரு. இந்தக் கூறுகெட்டவ நம்பிட்டா. மனுப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தா. "சம்மதம்னு போடுங்க மதினி, தெனமும் தண்ணி வரும்"னா. எதுத்துப் பேசணும்னு இருந்த நானும் அவ மூஞ்சிக்காகக் கைநாட்டு வச்சேன்.

சேத்தாக. உடனே, "நீங்க இப்ப டவுன்காரங்க, நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான்"னு நிப்பாட்டிட்டாக. அண்ணாச்சியோட தரிசுக்காட்டுல பிளாட்டுக்குக் கல்லு நட்டாச்சு. துப்புரவு வேலை காண்ட்ராக்டுக்காரன் கைக்குப் போச்சு. அவன் மதினி கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "வேற ஆள் இருக்கு"ன்னுட்டான். அண்ணாச்சியோ அவளைக் கேட்டுக்கு உள்ளேயே விடல.

எனக்குப் பாவமா இருந்துச்சான்னா, இல்ல. நல்லா வேணும்னு நெனச்சேன்.

வேற வழியில்லாம நாங்கள்லாம் பட்டாசு கம்பெனி வேன்ல ஏறுனோம். ஒரு மாசம் கழிச்சு அவளும் வந்து நின்னா. என் பக்கத்துல இடம் இருந்துச்சு. தூக்குச்சட்டியை எடுத்து அதுல வச்சேன். கம்பெனி இருக்கிற ஏழாயிரம்பண்ணை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தா.

அன்னைக்குப் போர்மேன் செழியன், "மருந்து கலக்குற ரூமுக்கு ஒரு ஆள் வேணும், யார் போறீக?"ன்னான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். அவன் கண்ணு என்மேல நின்னுச்சு. நான் மதினியைக் காமிச்சேன்.

"அந்தம்மாவுக்குக் கை சரியில்லையே."

"பழகுன கைதான்"னேன்.

"வேண்டாம்னு சொல்லுங்க மதினி, எனக்குப் பயமா இருக்கு"ன்னு என் சேலையைப் பிடிச்சா. நான் உதறிட்டுத் திரும்பிக்கிட்டேன். அவ உள்ள போனா.

தெனமும் போறா. இப்பல்லாம் வேன்ல அவளுக்கு என் பக்கத்துலயே இடம் போட்டு வைக்கேன். அவ ஒரு நாள் வராமப் போனா, அந்த ரூமுக்கு நான் போகணும்.