குருமலை அடிவாரத்தில் வலையில் சிக்கிய பூனைப்பருந்து

குளிர்காலம் முழுக்கக் கோவில்பட்டிக் கரிசல்காட்டில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்னும் பூனைப்பருந்துகள், வெயில் ஏற ஆரம்பித்ததும் வடக்கே மத்திய ஆசியாவுக்குக் கிளம்பிவிடும். கிளம்பும் முன் எத்தனை இருக்கின்றன என்று எண்ணத்தான், போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதுரையில் ரயில் ஏறினேன். வழக்கமாக உடன் வரும் தோழிக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனது அதுவே முதல் தடவை.

கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் பால்ராஜ் அண்ணாச்சியின் ஆட்டோ கிடைத்தது. அன்று மாலைக்கும் மறுநாள் காலைக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு பேசினேன். குருமலை அடிவாரம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்.

"பருந்தை எண்ணவா மதுரையில இருந்து வாரீங்க?" என்றார். "எண்ணி என்ன செய்யப் போறீங்க?"

"குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும் அண்ணாச்சி."

பகலெல்லாம் காட்டில் சுற்றும் இந்தப் பறவைகள், பொழுது சாயும்போது மரத்தில் அடைவதில்லை. தரிசு நிலத்துப் புல்லுக்குள் தரையிலேயே இறங்கும். அவை இறங்கும்போது எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பதினெட்டு வரை எண்ணியிருந்தேன். அடுத்தது தாழ வந்தது, பக்கத்துத் தோட்டத்து வேலியருகே சட்டென்று விழுந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால், வேலியாகக் கட்டியிருந்த பழைய மீன்வலையில் ஒரு சிறகு முழுக்கச் சுற்றிக் கிடந்தது. பழுப்பு நிறப் பெண் பறவை. உதற உதற நைலான் இறுகியது. தோழியோடு போய் டெலஸ்கோப்பில் பார்த்துப் பழகியவள் நான். ஒரு பருந்தைத் தொட்டதே இல்லை.

தோட்டத்துச் சொந்தக்காரர் சுப்புலட்சுமி அக்கா சத்தம் கேட்டு வந்தார். "பன்னி இறங்கினா ஒரே ராத்திரியில வெண்டையெல்லாம் காலி. அதான் வலை கெட்டியிருக்கேன்" என்றார். வலையை அறுத்தால்தான் பறவை பிழைக்கும், ஆனால் வலை அவருடையது. அவர் குனிந்து பறவையின் கண்ணைப் பார்த்தார். பிறகு மோட்டார் ரூமுக்குப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தார்.

"நீங்க தலையை மூடுங்க. நான் வெட்டுதேன்."

ஆட்டோவிலிருந்து ஓடி வந்த அண்ணாச்சியின் துண்டால் மூடினோம். பறவையின் காலைப் பிடித்த அண்ணாச்சியின் கையில் நகம் இறங்கி ரத்தம் வந்தது. "பாதகமில்ல, நீங்க வெட்டுங்க" என்றார், பிடியை விடாமல். அக்கா ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். வலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

வனத்துறைக்குப் போன் செய்தேன். அட்டைப்பெட்டியில் இருட்டாக வைக்கச் சொன்னார்கள், காலையில் வருவதாகவும். பெட்டி மோட்டார் ரூமில் இருந்தது. லாட்ஜில் நான் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் வனக்காவலர் சிறகை விரித்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, விடலாம் என்றார். மலைச் சரிவில் பெட்டியைத் திறந்தோம். பறவை வெளியே வந்து கரிசல் மண்ணில் உட்கார்ந்தது. அசையவே இல்லை. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெயில் சுள்ளென்று ஏறியது. மலைக்கு மேலே மற்ற பருந்துகள் வட்டம் போட ஆரம்பித்திருந்தன. அப்போது இது இரண்டு எட்டு தத்தி, எழும்பி, தடுமாறி, பிறகு நேராகப் பறந்தது. சூடான காற்றில் ஏறி, கூட்டத்தோடு முகட்டைத் தாண்டி வடக்கே போனது.

"போயிட்டா" என்றார் அக்கா, மெதுவாக.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் பாதிதான் நல்ல நேரம். பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். புல்லுக்குள் இறங்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். நிழல் கிடையாது, தண்ணீர் நிறைய வேண்டும். நிலத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள். வனத்துறை எண்ணை முன்கூட்டியே போனில் ஏற்றி வைத்திருங்கள். பருந்து சிக்கினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தார். கிழிந்த வலையைத் தைத்துவிட்டாராம். "வலை முழுக்கப் பழைய சேலையைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கேன். தூரத்துல வரும்போதே தெரியும்லா, பறவைக்கு" என்றார். "ஐப்பசியில அதுக வந்து இறங்கும்போது நீங்களும் வந்துருங்க. இந்தத் தடவை நானும் எண்ணுதேன்."