எர்மெஸின் எஞ்சினுக்கு மூச்சடைத்த ஞாயிறு

எர்மெஸுக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காரணமும் இருந்தது. புதன்கிழமைதான் அவர் மனைவி பியரினாவைப் புதைத்திருந்தார்கள்.

ஞாயிறு, கார்ட் எனும் குட்டிப் பந்தய வண்டிகளுக்கு ஆண்டின் கடைசிப் போட்டி. அவர் போகமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். "வீட்ல உக்காந்து செவுத்தப் பாத்தா அவ எழுந்து வந்துருவாளா?" என்று பாதிரியாரிடமே கேட்டுவிட்டு, விடியும்போது எஞ்சினைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

வாலிபத்தில் மலைப்பக்கத்துக் குழாய்த் தொழிற்சாலையில் கடைசல் வேலை. ஒருநாள், இயந்திரத்தின் பேரிங் உடையப் போகிறது, சத்தமே சொல்கிறது என்றார். மேற்பார்வையாளர் சிரித்தார். மறுவாரம் உடைந்தது. எர்மெஸ் அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் கொட்டகையில் சிறிய பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் தயார் செய்ய ஆரம்பித்தார். கார்தா ஏரிக்குத் தெற்கே அந்தச் சமவெளியில் பாதிக் கொட்டகைகளில் ஒரு கார்ட் நிற்கும். வேலைக்குப் பஞ்சமில்லை. அவர் எஞ்சினுக்காக அவர் வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

பொறுத்துக்கொண்டார்களே தவிர, யாரும் அவரிடம் எதையும் நேராகச் சொல்வதில்லை. சொன்னால் ஏச்சு விழும். சொன்னவள் பியரினா ஒருத்திதான். வாரமெல்லாம் காலுறை ஆலையில் வேலை. ஞாயிறானால் பந்தயத் தடத்தின் நீண்ட நேர்பாதை முடியும் இடத்தில், வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். திரும்பி வந்து, "உன் எஞ்சின் இருமுது" என்பாள். "காலுறை பின்றவளுக்கு எஞ்சினப் பத்தி என்னடி தெரியும்?" என்று கத்திவிட்டு, நேராகப் போய்க் கார்பரேட்டரைத் திறப்பார். அப்படியே காலம் ஓடிற்று.

அன்று காலை ஓட்டுநர்கள் கூட்டத்தில், பியரினாவுக்காக ஒரு நிமிடம் மௌனம், எல்லோர் கையிலும் கறுப்புப் பட்டி என்று அறிவித்தார்கள். எர்மெஸ் கூட்டத்துக்கு நடுவே புகுந்தார்.

"யாரும் வாய மூடிட்டு நிக்க வேணாம். கறுப்புத்துணி எவன் மேலயாவது பாத்தேன், அங்கயே கிழிச்சுப் போடுவேன். எழவு புதன்கிழமையோட முடிஞ்சுது. எஞ்சினக் கிளப்புங்க."

கிளப்பினார்கள். அவர் எஞ்சினை ஓட்டியவன் மொரேனோ; பியரினாவின் தங்கை மகன், இருபத்து நாலு வயது. முதல் ஓட்டத்தில் முன்னால் போனான். நேர்பாதையின் கடைசிப் பகுதி வந்ததும் எஞ்சின் தொய்ந்தது. மூன்று பேர் தாண்டிப் போனார்கள். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே தொய்வு.

குழுவின் கூடாரத்தில் எர்மெஸ் பிளக்கைக் கழற்றினார். சரியாக எரியும் எஞ்சினில் பிளக் முனை வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். இது ஈரமாக, கரியாக இருந்தது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு.

"ஊசியத் திறந்து வச்சது யாரு?"

"நீதான்பா வச்ச," என்றாள் தானியா. அவருடைய மகள், பிரேக் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் பொறியாளர். மடிக்கணினியுடன் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கார்பரேட்டரில் பெட்ரோல் வரத்தை அளக்கும் ஊசியை உள்ளே திருகினார். இரண்டாவது ஓட்டத்தில் வளைவிலிருந்து வெளிவரும்போதே எஞ்சின் வறண்டு அலறியது. பெட்ரோல் போதாத அலறல்; இப்படியே விட்டால் பிஸ்டன் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் நேர்பாதை முடிவில் தொய்வு அப்படியே. பிளக் மறுபடி கரி.

கார்பரேட்டரையே மாற்றினார். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழியிலிருந்த மெல்லிய தகடுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், இடைவெளி இல்லை. புகைக்குழாயில் விரிசல் இல்லை. சங்கிலி இறுக்கமில்லை, பிரேக் உரசவில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் காற்றுப்பெட்டியைக் கழற்றுவது, மாட்டுவது மட்டும் மொரேனோ. மற்ற வேலைக்குக் கையுறை தேடுகிறவன், "அத நான் பாத்துக்கறேன் பெரியப்பா" என்று ஓடி வந்தான். மாட்டி முடித்ததும் வண்டியைத் தாங்கியில் ஏற்றி எர்மெஸ் முடுக்கினார். எஞ்சின் மணிபோல் கத்தியது.

"பன்னி," என்றார் எஞ்சினைப் பார்த்து. "என்னோட விளையாடுறியா?"

குழுவின் முதலாளி தாரியோ வந்தான். கையில் பாதி தின்ற சலாமி ரொட்டி.

"எர்மெஸ், கோவிச்சுக்காத. உன் மனசு இன்னிக்கு இங்க இல்ல. வேன்ல வேற ஆளு செஞ்ச எஞ்சின் ஒண்ணு கெடக்கு. இறுதிப் போட்டிக்கு அத மாட்டிடலாம்."

"என் எஞ்சின்மேல எவனாவது கை வச்சான்னா, கைய இங்க விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவான்."

"கத்தாத. எல்லாரும் என்ன பேசறாங்க தெரியுமா? பொண்டாட்டியோட சேத்து எர்மெஸ் காதையும் புதைச்சிட்டான்னு பேசறாங்க."

எர்மெஸ் கையிலிருந்த ஸ்பானர் பறந்தது. தாரியோமேல் படவில்லை; வேன் கதவில் பட்டது. ரொட்டி கீழே விழுந்தது. தாரியோ அதைப் பார்த்தான், வேன் கதவைப் பார்த்தான்.

"சரி. போட்டிக்கு முன்னால சூடேத்தற ஓட்டம் ஒண்ணு இருக்கு. அதுல ஒழுங்கா வந்தா உன் எஞ்சின். இல்லேன்னா வேன்ல இருக்கறது. அடுத்த வருஷமும் அதேதான்."

அவன் போனபின் தானியா கணினியைத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாரு. நீளமான நேர்பாதையில மட்டும் வேகம் விழுது. தாங்கியில விழல, வளைவுல விழல. பெடல்லேருந்து கால எடுத்ததும் சரியாயிடுது. ஒரு பாகம் கெட்டா கெட்டதுதான்பா. போயிட்டுத் திரும்பி வராது."

"இதெல்லாம் உன் டப்பா சொல்லுதா?"

"டப்பா சொல்றது இவ்வளவுதான். மிச்சத்தக் காதாலதான் கேக்கணும். கேக்க வேண்டிய எடத்துல நீ காலைலேருந்து நிக்கவே இல்ல. அம்மா உக்காந்த எடத்துக்குப் போ."

அந்தப் பக்கம் அவர் அன்று திரும்பியே பார்த்திருக்கவில்லை. மகளை அடித்துவிடுவது போல முறைத்தார். பிறகு நடந்தார்.

வேலியோரம் யாரும் இல்லை. அவளிடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்கும் கோபம் வந்தது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூடேற்றும் ஓட்டம் தொடங்கிற்று. மொரேனோ வளைவிலிருந்து வெளிவந்தான். சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது. பிறகு, கத்துகிற ஒருவன் வாயை உள்ளங்கையால் பொத்தியது போல அடைத்தது.

பெட்ரோல் கோளாறானால் எஞ்சின் திக்கும். தீப்பொறி கோளாறானால் விட்டுவிட்டு வெடிக்கும். இது இரண்டும் இல்லை. இது மூச்சு.

கூடாரத்துக்கு ஓடினார். வண்டி உள்ளே வந்து நின்றதும் மொரேனோ இறங்குமுன் முழங்கால் போட்டு, காற்றுப்பெட்டிக்கு அடியில் கையைவிட்டார். வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். கறுப்புப் பட்டு நாடா. சவப்பெட்டி மேலிருந்த மலர்வளையத்தில் கட்டியிருந்தது. கறுப்புப் பெட்டிக்கு அடியில், கறுப்புக் குழாயில், கண்ணுக்குத் தெரியாதபடி யாரோ கட்டியிருந்தார்கள். வேகம் கூடினால் காற்று அதைத் தூக்கும்; பெட்டியின் வாய் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்; வேகம் குறைந்தால் விட்டுவிடும். நாடாவின் நுனி நைந்து, அதன் நடுவில் குழாய் வாயின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது.

"யாருடா?"

மொரேனோ தலைக்கவசத்தைக் கழற்றினான். கண்ணெல்லாம் சிவப்பு. "நான்தான் பெரியப்பா."

"காலைலேருந்து எஞ்சினக் கூறுகூறாப் பிரிச்சுப் போட்டேனே, வாயில என்னடா வச்சிருந்த?"

"நாடாவாலன்னு தெரியாது பெரியப்பா. சத்தியமா."

"வேணாம்னு சொன்னேன்ல?"

"உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் அடியில கட்டினேன். கிழிச்சுப் போடுவேன்னீங்களே." அவன் குரலும் ஏறியது. "உங்ககிட்ட யாரு வந்து என்ன சொல்ல முடியும்? சொல்றவங்க ஒருத்தங்கதான். அவங்களத்தான் புதைச்சிட்டு வந்துட்டோம்."

எர்மெஸ் நாடாவை இரண்டு கையாலும் பிடித்தார். கிழிக்கப் போகிறார் என்றே தானியா நினைத்தாள். அவர் கம்பி வெட்டும் கத்தரியை எடுத்து, நைந்த நுனியை நறுக்கினார்.

"கைய நீட்டு. மேல் கைய. மரமண்டை." பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். "தொங்கவிட்டுக் கட்டாத. எஞ்சின் பக்கத்துல தொங்குறது எதுவும் இருக்கக்கூடாது. எத்தன தடவ சொல்றது?"

"வலிக்குது பெரியப்பா."

"வலிக்கட்டும்."

தாரியோவிடம் அவரே போய் நாடாவின் நறுக்கிய துண்டைக் காட்டினார். தாரியோ வட்ட அச்சைப் பார்த்தான், போய் வேன் கதவைச் சாத்தினான். போட்டிக்கு வண்டிகளை அழைத்தார்கள். மொரேனோ வண்டியைத் தள்ளத் தொடங்கினான்.

"அப்பா. ஊசி," என்றாள் தானியா.

எர்மெஸ் நின்றார். காலையில் உள்ளே திருகிய பெட்ரோல் ஊசி, புதிய கார்பரேட்டரிலும் அதே அளவில் இருந்தது. மூச்சு திறந்துவிட்ட எஞ்சின் இவ்வளவு குறைந்த பெட்ரோலில் ஓடினால் இரண்டாவது சுற்றிலேயே பிஸ்டன் போய்விடும்.

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினார். தெரிந்திருக்கவில்லை. ஓடிப்போய் வண்டியை நிறுத்தி, திருகைத் திருப்பினார்.

போட்டியின்போது வேலியோரம் நின்றார். தானியாவும் வந்து நின்றாள். மொரேனோ மூன்றாவதாக வந்தான். ஒவ்வொரு சுற்றிலும் நேர்பாதை முடியும்வரை எஞ்சின் திறந்த தொண்டையோடு கத்திக்கொண்டு போனது. எர்மெஸ் மகள் பக்கம் சாய்ந்தார்.

"கேட்டியா? எப்படிப் பாடுது?"

"கேட்டேன்," என்றாள் தானியா. "நேர்பாதை முடியறதுக்கு முன்னாலயே எஞ்சின் வேகம் உச்சிக்குப் போயிடுது, அதுக்கு மேல ஏற எடமில்ல. பின் பல்சக்கரத்துல ஒரு பல்லு அதிகம்."

எர்மெஸ் சட்டென்று திரும்பினார். முகம் சிவந்தது.

"பிரேக் செய்யறவளுக்கு எஞ்சினப் பத்தி என்னடி தெரியும்?"

வேலியோரம் தள்ளி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், கொட்டகை விளக்கைப் போட்டுப் பின் பல்சக்கரத்தை அவிழ்க்க ஆரம்பித்தார்.